பம்ப்செட் என்று நான் பெயர் வைத்த பையன்



கொஞ்சம் நீண்ட பதிவு. சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே படியுங்கள். கடைசியில் உங்களில் சிலரிடம் ஒரு கேள்வியும் இருக்கிறது.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் வந்து கும்பிட்டார். "சார், என்னைத் தெரியுதா?" என்றார். முகம் பழகிய முகம்தான், பெயர் வரவில்லை. அவரே சிரித்துக்கொண்டு, "பம்ப்செட் சார்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

1987-88இல் பத்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு இந்தப் பெயர் நினைவிருக்கும். இடைவேளை முடிந்து மணி அடித்த பிறகும் அடிபம்பு பக்கத்தில் ஒருவன் கை கழுவிக்கொண்டே நிற்பான். கழுவுவான், பார்ப்பான், மறுபடி கழுவுவான். புறங்கை தோல் வெடித்து வெள்ளையாக இருக்கும். வகுப்புக்குப் பத்து நிமிடம் கழித்து வருவான். நான் கேட்பேன்: "என்னடா பம்ப்செட், தண்ணி இறைச்சு முடிச்சாச்சா?" வகுப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன். பிறகு வெளியே நிற்க வைப்பேன். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை.

பெருமூளை, சிறுமூளை, முகுளம் என்று படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்லிக் கொடுத்த உயிரியல் ஆசிரியர் நான். ஐந்து மதிப்பெண் கேள்வி. அந்தப் படத்துக்கும் அடிபம்பு பக்கத்தில் நின்ற பையனுக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. கல்யாண வீட்டிலிருந்து வந்ததிலிருந்து இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததை ஒரு வகுப்பு மாதிரி இங்கே சொல்லிவிடுகிறேன். இந்த முறை யாரையும் வெளியே நிறுத்தவில்லை.

அவனுக்கு இருந்த நோயை இப்போது ஓசிடி என்கிறார்கள். தமிழில் எண்ணச் சுழற்சி நோய். வேண்டாத ஒரு எண்ணம் வந்து வந்து குடையும். கையில் அழுக்கு இருக்கிறது, கதவைப் பூட்டவில்லை, யாருக்கோ கெடுதல் செய்துவிட்டேன் என்று. அந்தப் பதற்றம் தணிய ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். நூறு பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது வரக்கூடியது. அப்படியென்றால் என் பணிக்காலத்தில் என்னிடம் படித்தவர்களில் எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நோய் பழையது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் இதைப் பாதிரியார்களின் பிரச்சினையாகத்தான் பார்த்தார்கள். செய்யாத பாவத்துக்குத் திரும்பத் திரும்பப் பாவமன்னிப்புக் கேட்டு வருபவர்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஸ்க்ரூபிள்'. லத்தீனில் சின்னக் கூர்க்கல் என்று பொருள். செருப்புக்குள் மாட்டிய கல் மாதிரி, அளவில் சிறியது, நடக்கவே விடாது. 1838இல் பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல் தன் நூலில் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். வியாபாரக் குடும்பத்துப் பெண். கணக்கில் பிழை வந்து பிறருக்கு நட்டம் ஆகிவிடுமோ, காசைத் தொட்டால் ஏதாவது விரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிடுமோ என்று ஓயாத பயம். தான் செய்வது அர்த்தமில்லாதது என்று அந்தப் பெண்ணுக்கே தெரியும், ஆனாலும் நிறுத்த முடியவில்லை. இதை எஸ்கிரோல் கவனித்து எழுதி வைத்தார். நான் கவனிக்கவில்லை. "அறிவில்லையாடா உனக்கு?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்! அவனுக்கு அறிவு இருந்தது. அதனால்தான் அவ்வளவு வேதனைப்பட்டான்.

இனி மூளைக்கு வருவோம்.

மூளையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு வேலை என்ற எண்ணத்தை முதலில் பெரிதாகப் பரப்பியவர் வியன்னாவில் இருந்த ஃபிரான்ஸ் ஜோசப் கால் என்ற மருத்துவர், சுமார் 1800 வாக்கில். மண்டை ஓட்டின் மேடு பள்ளத்தைத் தடவிப் பார்த்தே ஒருவரின் குணத்தைச் சொல்லலாம் என்றார். கைரேகை ஜோசியம் மாதிரி ஒரு மண்டை ஜோசியம். அது தவறு. ஆனால் வேலைகள் மூளையில் பிரிந்து கிடக்கின்றன என்ற அடிப்படைக் கருத்து தப்பிப் பிழைத்தது.

1848 செப்டம்பர் 13. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்குப் பாறை வெடிக்கும் வேலை. மேற்பார்வையாளர் ஃபினியஸ் கேஜ், வயது 25. வெடிமருந்தைக் குத்தி இறுக்கும்போது அது வெடித்துவிட்டது. ஒரு மீட்டருக்கும் அதிக நீளம், சுமார் 6 கிலோ எடையுள்ள இரும்புக் கம்பி இடது கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியே போய் விழுந்தது. ஆள் சாகவில்லை. பேசினார், நடந்தார். ஆனால் பொறுப்பான அந்த மனிதர் வாய்க்கு வந்ததைப் பேசுபவராக, எதிலும் நிலைக்காதவராக மாறிவிட்டார் என்று அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஹார்லோ 20 ஆண்டுகள் கழித்து விரிவாக எழுதினார். பாடப் புத்தகங்கள் இத்தோடு நிறுத்திவிடும். பிறகு கேஜ் தென் அமெரிக்காவில் சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் பயணிகள் குதிரைவண்டி ஓட்டிப் பிழைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடிபட்ட மூளையும் ஓரளவு தேறும்.

1861இல் பாரிஸ். லெபோர்ன் என்ற 51 வயது நோயாளி. மற்றவர்கள் பேசினால் புரியும், பதிலுக்கு 'தான்' என்ற ஒரே அசை மட்டும் வாயில் வரும். ஏப்ரலில் அவர் இறந்ததும் அறுவை மருத்துவர் பால் புரோக்கா மூளையை எடுத்துப் பார்த்தார். நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மடலில் இடது பக்கம் ஒரு பகுதி அழிந்திருந்தது. பேச்சை உருவாக்கும் இடம் அது என்று அடுத்தடுத்த நோயாளிகளைப் பார்த்து உறுதி செய்தார். இன்றும் அதற்குப் புரோக்கா பகுதி என்றுதான் பெயர்.

இதெல்லாம் கம்பி குத்திய மூளையும் அழிந்துபோன மூளையும். கண்ணால் பார்க்க முடிந்த சேதம். பைத்தியம் என்று பூட்டி வைக்கப்பட்டவர்களின் மூளையை அறுத்துப் பார்த்தபோது பலரிடம் அப்படி ஒரு காயமும் தெரியவில்லை. காயம் இல்லையென்றால் என்ன? குணக்கேடா? வளர்ப்பா? பாவமா? மருத்துவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஃபிராய்ட் முதலில் நரம்பியல் படித்தவர். அவரே 1909இல் இந்த எண்ணச் சுழற்சி நோயாளி ஒருவரின் கதையை எழுதியபோது குழந்தைப் பருவத்தில்தான் காரணம் தேடினார்.

ஒரு கொள்ளை நோய் வந்து வேறு வழியைக் காட்டியது. 1917இல் வியன்னாவில் வான் எகோனமோ என்ற மருத்துவர் ஒரு விசித்திரமான மூளைக்காய்ச்சலைப் பற்றி எழுதினார். தூக்க நோய் என்று மக்கள் சொன்னார்கள். அடுத்த பத்தாண்டுகளில் அது உலகெங்கும் பரவி, பிறகு மறைந்தது. பிழைத்தவர்களில் சிலருக்குக் கைகால் விறைத்துப்போனது. சிலருக்குத் திடீரென்று கண் இரண்டும் மேலே சொருகிக்கொள்ளும். அந்த நேரத்தில் ஒரே எண்ணம் மனதில் சுழன்றுகொண்டே இருக்கும், எண்ணுவதையோ ஒரு சொல்லையோ திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லி உந்தும். அதற்கு முன் இப்படி எதுவும் இல்லாதவர்கள் அவர்கள். காய்ச்சல் தாக்கிய இடங்களில் ஒன்று மூளையின் ஆழத்தில் இருக்கும் அடித்தள நரம்பு முடிச்சுகள். அசைவைக் கட்டுப்படுத்தும் இடம் என்று அதுவரை நினைத்திருந்த பகுதி அது. கையை விறைக்க வைத்த சேதமே எண்ணத்தையும் சுழல வைத்தது. அந்த நோயாளிகளைப் பார்த்த பிறகு, இதை வெறும் குணக்கேடு என்று சொல்வது கடினமாகியிருக்க வேண்டும்.

ஆனால் அடுத்து நடந்தது மருத்துவ வரலாற்றில் ஒரு கறுப்புப் பக்கம்.

1935 ஆகஸ்டில் லண்டனில் நரம்பியல் மாநாடு. அமெரிக்காவிலிருந்து வந்த ஃபுல்டன், ஜேக்கப்சன் இருவரும் முன்மடலை அகற்றிய இரண்டு சிம்பன்சிகளைப் பற்றிப் பேசினார்கள். முன்பெல்லாம் சோதனையில் தோற்றால் ஆத்திரப்பட்டுக் கூண்டை உலுக்கிய ஒரு சிம்பன்சி அறுவைக்குப் பிறகு அமைதியாகிவிட்டதாம். அந்த மாநாட்டுக்கு வந்திருந்தார் போர்ச்சுகல் மருத்துவர் எகாஸ் மோனிஸ். மனநோயாளியின் எண்ணங்கள் முன்மடலின் சில நரம்புப் பாதைகளில் சிக்கி ஒரே தடத்தில் ஓடுகின்றன, அந்தப் பாதையை வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்பது அவர் கொள்கை. மூன்றே மாதத்தில், நவம்பர் 12ஆம் தேதி, லிஸ்பனில் முதல் அறுவை. மோனிஸின் கைகளில் கீல்வாதம். அதனால் அல்மெய்டா லிமா என்ற இளையவர் கத்தி பிடித்தார். முதல் 20 நோயாளிகளைக் கொஞ்ச காலம் மட்டும் கவனித்துவிட்டு, 1936இல் வெற்றி என்று புத்தகம் போட்டார் மோனிஸ். 1949இல் நோபல் பரிசும் வந்தது.

அமெரிக்காவில் வால்டர் ஃப்ரீமன் இதை இன்னும் எளிதாக்கினார். 1946இலிருந்து கண்ணுக்கு மேலே, இமைக்கு அடியில் ஐஸ் உடைக்கும் ஊசி போன்ற ஒன்றைச் சுத்தியலால் தட்டி இறக்கி அசைப்பார். சில நிமிட வேலை. பல்லாயிரம் பேர் இப்படி வெட்டப்பட்டார்கள். சிலர் அமைதியானார்கள். பலர் வெறும் கூடாகிப் போனார்கள். பின்னாளில் அமெரிக்க அதிபரான கென்னடியின் தங்கை ரோஸ்மேரிக்கு 1941இல் 23 வயதில் ஃப்ரீமன் குழு இந்த அறுவையைச் செய்தது. அப்போது துளை போட்டுக் கத்தி நுழைக்கும் முறை. நடையும் பேச்சும் போய், மீதி வாழ்நாளைப் பிறர் பராமரிப்பிலேயே கழித்தார். 1952இல் பாரிஸில் குளோர்புரமசின் என்ற மருந்தை மனநோய்க்குப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகுதான் இந்தக் கத்தி மெல்ல மெல்லக் கீழே இறங்கியது.

மோனிஸைப் பற்றிப் படித்தபோது என்னை உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. அவர் ஊகத்தில் கொஞ்சம் உண்மை இருந்தது. எண்ணம் ஒரே தடத்தில் சுற்றுகிறது என்பதை வேறு வடிவில் பிறகு வந்தவர்களும் சொன்னார்கள். அவர் செய்த பிழை அவசரம். எங்கே என்று தெரிந்ததாக நினைத்தவுடனேயே கத்தியை எடுத்தார், வெட்டிய பிறகு அந்த மனிதருக்கு என்ன ஆனது என்று நின்று பார்க்கவில்லை. சொன்னால் பெரிய பேச்சாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன்: இரண்டு நொடியில் ஒரு பையனுக்குப் பட்டம் கட்டிய எனக்கும் அந்த அவசரம்தான் இருந்தது.

இப்போது நம் 1987க்கு வருவோம்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1986இல், அலெக்சாண்டர், டிலாங், ஸ்ட்ரிக் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். முன்மடலின் பகுதிகள் தனித்தனியாக வேலை செய்வதில்லை. ஒவ்வொன்றும் ஆழத்தில் இருக்கும் அடித்தள முடிச்சுகளுக்குச் செய்தி அனுப்பும், அங்கிருந்து தலாமஸ் வழியாகச் செய்தி திரும்ப முன்மடலுக்கே வந்து சேரும். இப்படிப் பல வட்டப் பாதைகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. சில வட்டங்கள் அசைவுக்கு, சில சிந்தனைக்கு, சில உணர்ச்சிக்கு. தூக்க நோய்க்காரர்களுக்குக் கையும் எண்ணமும் ஒன்றாகக் கெட்டது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். கண்குழிக்கு நேர் மேலே இருக்கும் முன்மடலின் அடிப்பகுதி "ஏதோ தப்பு இருக்கு, கவனி" என்று சொல்லும் இடம். வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி. காடேட் என்ற முடிச்சு மடை. கை கழுவியாச்சு, போதும் என்றால் மடையை அடைக்க வேண்டும். எண்ணச் சுழற்சி நோயில் மடை சரியாக அடைபடுவதில்லை. தண்ணீர் சுற்றிச் சுற்றி அதே வயலுக்கு வருகிறது. கையைக் கண்ணால் பார்த்தால் சுத்தமாகத்தான் இருக்கும். 'போதும்' என்ற உணர்வு மட்டும் வராது. இது எளிமைப்படுத்திச் சொன்னது. வேறு பகுதிகளும் இதில் சேர்ந்திருக்கின்றன.

1987இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் லூயிஸ் பாக்ஸ்டர் குழுவினர் உயிரோடு இருக்கும் நோயாளிகளின் மூளையை பெட் ஸ்கேன் மூலம் பார்த்தார்கள். எந்தப் பகுதி எவ்வளவு குளுக்கோஸ் செலவழிக்கிறது என்று காட்டும் கருவி அது. எண்ணச் சுழற்சி நோயாளிகளிடம் நான் மேலே சொன்ன பகுதிகள் அதிகமாக உழைத்துக்கொண்டிருந்தன. அறுத்துப் பார்த்தால் தெரியாதது, ஓடும்போது பார்த்தால் தெரிந்தது. 1989இல் ஜூடித் ராப்பபோர்ட் என்ற குழந்தை மனநல மருத்துவர் கை கழுவுவதை நிறுத்த முடியாத சிறுவனைத் தலைப்பிலேயே வைத்து ஒரு புத்தகம் எழுதினார். பாக்ஸ்டரின் ஆய்வு வெளியான அதே ஆண்டில்தான் நான் அடிபம்பு பக்கம் நின்ற பையனைப் பார்த்துச் சிரித்தேன்.

அந்த ஆய்வு எனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று நீங்கள் ஆறுதல் சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் வெடித்த கையைப் பார்த்து "வலிக்குதாடா?" என்று கேட்க எந்த ஸ்கேனும் தேவையில்லை.

1992இல் பாக்ஸ்டர் குழு செய்ததுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். நோயாளிகளில் ஒரு பிரிவுக்கு ஃபுளுவாக்செட்டின் மாத்திரை. இன்னொரு பிரிவுக்கு மாத்திரையே இல்லை, பயிற்சி மட்டும். அந்தப் பயிற்சியை 1966இலேயே லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் தொடங்கியிருந்தார். அழுக்கு என்று பயப்படும் பொருளைத் தொட வைத்து, பிறகு கழுவ விடாமல் துணைக்கு இருப்பது. பதற்றம் ஏறும், ஏறி, தானாகவே இறங்கும். அதை உடம்பு கற்றுக்கொள்ளும். சில வாரங்கள் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள். குணம் தெரிந்தவர்களிடம், மாத்திரை சாப்பிட்டவர்களானாலும் பயிற்சி பெற்றவர்களானாலும், வலது பக்கக் காடேட்டின் அதிகப்படி உழைப்பு குறைந்திருந்தது.

நாற்பது ஆண்டு சொல்லிக் கொடுத்துப் பிழைத்தவனுக்கு இதைவிடப் பெரிய செய்தி என்ன வேண்டும்? பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பதும் பழக்குவதும் மூளையில் போய்ச் சேர்கிறது. மூளை நோய் என்றால் மாற்றவே முடியாது என்று பயப்பட வேண்டாம். மன நோய் என்றால் 'நினைத்தால் நிறுத்திவிடலாம்' என்று திட்டவும் வேண்டாம். மனம், மூளை என்று நாம் போட்ட கோடு அங்கே இல்லை.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இன்றும் ஒரு ஸ்கேனை மட்டும் பார்த்து 'இவருக்கு ஓசிடி' என்று சொல்ல முடியாது. ஆய்வில் தெரிவது பலரின் சராசரி. மருத்துவர் உட்கார்ந்து பேசித்தான் கண்டுபிடிக்கிறார். எல்லாச் சுத்தக்காரர்களும் நோயாளிகள் இல்லை. தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதில் போகிறதா, வேதனை தருகிறதா, படிப்பும் வேலையும் கெடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

உறவுகளுக்கு ஒரு வார்த்தை. நம் வீட்டில் ஒரு பெரியத்தை இருந்தார். ராத்திரி ஏழெட்டு முறை எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பார். அடுப்பை அணைத்தேனா என்று பேருந்திலிருந்து இறங்கித் திரும்பி வருவார். ஆச்சாரம், பிடிவாதம், மண்டைக்கனம் என்று என்னென்னவோ சொன்னோம். பேரன்மார் அவரைப் போல நடித்துக் காட்டிச் சிரிப்போம், நான் உள்பட. அவருக்கு என்ன இருந்தது என்று இப்போது நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அவர் தூங்காமல் கிடந்த ராத்திரிகளை மட்டும் நினைத்துப் பார்க்கிறேன்.

கல்யாண வீட்டுக்குத் திரும்புகிறேன். பள்ளியை விட்டபின் அவர் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, அதுவும் நிலைக்காமல், கோயில் குளம் மந்திரம் என்று பல ஆண்டு அலைந்திருக்கிறார். முப்பது வயதுக்கு மேல், மனைவி வற்புறுத்தி மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாராம். மாத்திரையும் பயிற்சியும் இரண்டும். முழுசாகப் போய்விட்டதா என்று கேட்டேன். "போகலை சார். வரும். வந்தா 'நீ வந்துட்டியா'ன்னு விட்டுருவேன்" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போய், "விடுங்க சார், உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "ஆனா சார், அந்தப் பேரு ரொம்ப நாள் கூட வந்துச்சு" என்றார். இதை எழுதலாமா என்று கேட்டேன். "பேரு வேண்டாம், விஷயத்தை எழுதுங்க. யாராவது ஒருத்தன் சீக்கிரம் போவான்" என்றார். பந்திக்குக் கூப்பிட்டார்கள். இருவரும் எழுந்து போய்க் கை கழுவினோம். அவர் எனக்கு முன்பே முடித்துவிட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது என் கேள்வி. உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். பலர் பெற்றோர். உங்கள் வகுப்பில், உங்கள் வீட்டில், அடிபம்பு பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா? இருந்தால் பட்டம் வைக்காதீர்கள். பக்கத்தில் போய் என்னவென்று கேளுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால், மத்திய அரசின் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

நான் பட்டப்பெயர் வைத்த வேறு யாராவது இதைப் படித்தால், எனக்குத் தனியாக எழுதுங்கள். திட்டினாலும் சரி.

அன்புடன்,
உங்கள் உயிரியல் சார்